சின்னம்மாவுக்கு வெந்நீர்

லூர்தம்மா கடல் கடந்து ட்ரியர் நகரத்துக்கு வந்தது இறந்துபோன அக்காவின் இடத்தை நிரப்பத்தான். அத்தான் விமலநாதனை அவள் கைப்பிடித்தபோது அக்காவின் மகன் கீர்த்தனன் சின்னப் பிள்ளை. அன்று சின்னம்மா என்றான். காய்ச்சலுக்கு விழித்திருந்து, தாடி முளைக்கும்வரை சோறூட்டி வளர்த்த பின்னும் சின்னம்மாதான். அவளுக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை.

இந்த வருடம் கீர்த்தனனுக்குக் கலியாணம் நிச்சயமானது. கோயிலில் தாய் இருக்கவேண்டிய கதிரையில் அக்காவின் படத்தை வைக்கப்போவதாகச் சொன்னான். "நீங்கள் பக்கத்தில இருங்கோ, சின்னம்மா." அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்புதான் அவளைச் சுட்டது.

மறுநாள் காலை, தேநீரை நீட்டியபடி கணவனிடம் சொன்னாள்:

"பெடியன்ர பார்வை சரியில்லையப்பா. நான் தனிய இருக்கேக்க அறைக் கதவடியில வந்து நிக்கிறான்."

முழுப் பொய். விமலநாதன் கத்தவில்லை. கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார்.

"பின்னேரம் அவன் வரட்டும்" என்றார்.

லூர்தம்மாவுக்கு ரோமானியக் குளியல் மண்டபத்தின் இடிபாடுகளில் துப்புரவு வேலை. வரலாறு படிக்கும் கீர்த்தனன் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டுவான். அன்று ஸ்டுட்கார்ட்டிலிருந்து தமிழர் கூட்டமொன்று வந்திருந்தது. நிலத்தடிப் பாதையில் அவள் கூட்டிக்கொண்டிருக்க, வளைவுக்கு அப்பால் அவன் குரல் கேட்டது.

"ரோமச் சக்கரவர்த்தி கொன்ஸ்தந்தீனுக்கு பவுஸ்தா ரெண்டாந்தாரம். அவவின்ர அக்காவை இவன்ர தகப்பன் முதலே கட்டியிருந்தவர்."

"அப்ப முறைக்குச் சின்னம்மாவெல்லோ தம்பி? சின்னம்மாவையோ கட்டினவன்?"

"அரண்மனையில ஆர் அண்ணை முறை பாத்தது?"

கூட்டம் சிரித்தது. அவன் தொடர்ந்தான்.

"மூத்த தாரத்து மகன் கிறிஸ்புஸ். இந்த ஊரில இருந்தவன். அவன் தன்னோட பிழையா நடக்க வந்தான் எண்டு பவுஸ்தா புருசனிட்டச் சொன்னவவாம். தகப்பன் மகனைக் கொல்லச் சொல்லிட்டார். பிறகு பொய்யெண்டு தெரிஞ்சு, அவவைக் கொதிக்கிற குளியலறையில விட்டுப் பூட்டினவை எண்டு பழைய ஆக்கள் எழுதியிருக்கினம். எங்கை நடந்தது எண்டு தெரியாது. இஞ்சை இல்லை, பயப்பிடாதேங்கோ."

காலடிகள் விலகிப் போயின. லூர்தம்மா சுவரைப் பிடித்தாள். கல் சுட்டது. எந்தக் கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும் கல். கையை இழுத்தாள், உள்ளங்கை ஈரமாக இருந்தது. அக்கா பூசும் சந்தனப் பவுடரின் வாசம் எங்கிருந்தோ வந்தது.

"லூர்து."

அக்காவைத் தவிர வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"என்ர பிள்ளை, லூர்து."

துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு வெளிச்சத்துக்கு ஓடினாள். கணவனுக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, காலமை நான் சொன்னது பொய். அவன் ஒண்டும் செய்யேல்லை. எரிச்சலில சொல்லிப்போட்டன்."

அவருக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"கேட்டிட்டன்" என்றார். "வா."

பின்னேரம் கீர்த்தனனோடு பஸ்ஸில் வரும்போதே அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தான்.

விமலநாதன் கதவைத் திறந்தார். மகனின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார், பிறகு விட்டார். அவளைப் பார்க்காமலே சொன்னார்:

"வெந்நீர் நிரப்பி வைச்சிருக்கு. போய்க் குளி."

வேலை நாளெல்லாம் அவர் அப்படி நிரப்பி வைப்பது வழக்கம்தான், குளிரில் விறைக்கும் அவள் கைகளுக்காக. இன்று குளியலறைக் கதவின் கீழிருந்து நீராவி நாக்கு நாக்காக வெளியே வந்தது.

"தம்பி, கதவடியில நிப்பியோ?" என்றாள் லூர்தம்மா.

காலையில் அவள் சொன்ன பொய் அதுவேதான். கீர்த்தனன் கதவருகே வந்தான்.

"நிக்கிறன், சின்னம்மா. போங்கோ."

உள்ளே போனாள். சந்தன வாசம் அவளுக்கு முன்பே அங்கே வந்திருந்தது. கதவை அவள் பூட்டவில்லை.

ஆனால் தாழ்ப்பாள் விழுந்தது.

"தம்பி" என்று கூப்பிட்டாள்.

"நிக்கிறன், லூர்து" என்றது வெளியே ஒரு பெண் குரல்.