கப்பல் ஜுரமும் அம்மாவின் திருவிருந்தும்

ஐம்பத்தேழாம் வருஷம், கோடை விடுமுறை முடிகிற சமயம். எங்கள் காக்ஸ் டவுன் பேட்டை முழுக்க ஒரே பேச்சு, கப்பல் ஜுரம். ஹாங்காங், சிங்கப்பூர் என்று ஊர் ஊராகப் பரவி, கப்பலேறி மெட்ராஸுக்கும் வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்கள் பெரியப்பா தினமும் காலையில் வாசலில் நின்று அதை உரக்க வாசிப்பார். ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், எந்தச் சரக்கு எப்போது எங்கே வந்து சேரும் என்று கணக்குப் போட்டே பழகியவர். "மெட்ராஸ் வந்தாச்சுன்னா நம்ம கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு எவ்ளோ நேரம்? ஒரு ராத்திரிதானே" என்பார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்க் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் தெளித்துக்கொள்வார்கள். யாராவது தும்மினால் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும்.

எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல். அதே சிங்கப்பூரிலிருந்து, அதே வழியாக, என் அண்ணன் வந்துகொண்டிருந்தான்.

அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியேதான் தூங்குவாள். பார்க்கவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தந்தி கொடுத்தேன். அப்பா இறந்தபோது அண்ணனால் வர முடியவில்லை. அதைப் பற்றி அம்மா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இந்தத் தடவை மட்டும், "அவன் வர்ற வரைக்கும் இருந்துடுவேன்ல?" என்று என்னைக் கேட்பாள். நான் என்ன சொல்வேன்? "சும்மா இரும்மா!" என்று அதட்டுவேன். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லையா, அதட்டல்தான் எனக்குத் தெரிந்த ஆறுதல்.

அண்ணன் ஜட்காவிலிருந்து இறங்கியபோது தெரு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பெட்டியைக் கீழே வைத்ததும் ஒவ்வொன்றாக மூடின. பெரியப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, தப்பா நெனைக்காத. அங்கயே நில்லு."

"பெரிப்பா, துறைமுகத்துல டாக்டர் கண்ணு, நாக்கு எல்லாம் பாத்துத்தான் விட்டாரு. எனக்கு ஒண்ணுமில்ல."

"உனக்கு ஒண்ணுமில்ல. உள்ள இருக்கறவளுக்கு?"

அவன் பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "பெத்த தாயைப் பாக்க கடல் தாண்டி வந்தவனை வாசல்ல நிறுத்துறீங்களே, நல்லா இருக்கா இது?" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். பெரியப்பா அசையவில்லை. டாக்டரிடம் ஓடினேன். அவரும் பெரியப்பா பக்கம்தான். இந்த நெஞ்சு ஒரு ஜுரத்தைத் தாங்காது, கொஞ்ச நாள் அண்ணன் தள்ளியே இருக்கட்டும் என்றார். பெரியப்பாவோடு சண்டை போடலாம், அம்மாவின் நெஞ்சோடு எப்படிப் போடுவது?

பின்னால் விறகு போடும் கொட்டகையில் அண்ணனுக்குக் கட்டில் போட்டோம். அம்மாவின் ஜன்னலிலிருந்து அதன் வாசல் தெரியும். அண்ணன் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். அம்மாவுக்குச் சத்தமாகப் பேச மூச்சு கிடையாது. அவள் முணுமுணுப்பதை நான் ஜன்னலில் நின்று கத்துவேன்.

"சாப்பிட்டியான்னு கேக்குறாங்க!"

"சாப்பிட்டேன்னு சொல்லு!"

"எளைச்சுட்டியாம்!"

அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நான் ஒரு டெலிபோன். பால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று "பேடம்மா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லித் தலையை ஆட்டிவிட்டு, செம்பைத் தெருவில் வைக்கச் சொல்லி ஊற்றிவிட்டுப் போவார்.

ஒரு நாள் அம்மா திருவிருந்து வேண்டும் என்றாள். கோயிலுக்கு வர முடியாத நோயாளிக்குப் போதகர் அப்பமும் திராட்சரசமும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது எங்கள் சபை வழக்கம். வீட்டில் உள்ளவர்களும் கூடவே வாங்கிக்கொள்வோம். கிண்ணம் ஒன்றுதான். ஒருவர் குடித்ததும் போதகர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்குக் கொடுப்பார்.

"அவனும் வரணும்" என்றாள் அம்மா. பெரியப்பாவுக்கு வேர்த்துவிட்டது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் அம்மா, பிறகு அவர், பிறகு நான், எல்லோருக்கும் கடைசியில், அறை வாசலிலேயே நின்றபடி அண்ணன். "கடைசி ஆளுக்கு அப்புறம் யாரு குடிக்கப் போறா? பயமே இல்ல" என்றார். பார்சல் ஆபீஸ் மூளை! நானும் பெரிதாகத் தலையாட்டினேன். கிண்ணத்தில் மிஞ்சுவதைப் போதகர்தான் குடித்துத் தீர்க்கவேண்டும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற எங்கள் இரண்டு பேருக்கும் அது நினைவுக்கே வரவில்லை. போதகரிடம் பெரியப்பா திட்டத்தைச் சொன்னபோது, அவர் "சரிங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

ஜெபம் முடிந்தது. அப்பம் கொடுத்தார். கிண்ணத்தை அம்மாவிடம் கொண்டுவந்தார். அம்மா வாயை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"என்னம்மா?" என்று குனிந்தார் போதகர்.

அம்மா வாசலைக் காட்டினாள். "மொதல்ல அவனுக்கு."

"ஐயா, வேணாங்க" என்று பெரியப்பா எழுந்தார். போதகர் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு வாசலுக்குப் போனார். அண்ணன் பின்வாங்கினான்.

"வாங்கிக்கடா!" என்றாள் அம்மா. அந்தச் சத்தம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ. அண்ணன் முட்டி போட்டு ஒரு வாய் குடித்தான். போதகர் துணியை எடுத்தார்.

"தொடைக்காதீங்க ஐயா."

துணி பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு அவர் கிண்ணத்தைத் துடைக்காமல், திருப்பாமல், கொண்டுவந்து நீட்டினார். அம்மா இரண்டு கையாலும் பிடித்து, அவன் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தாள்.

"இப்ப உள்ள வா" என்றாள் அவனிடம். "இனிமே என்ன இருக்கு?"

அடுத்தது பெரியப்பா. விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார், பாவம். ஆனால் குடித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குப் பிறகு போதகர் மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தபோதுதான் பெரியப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

அதற்கப்புறம் அண்ணன் அம்மாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. கால் பிடித்துவிட்டான், கஞ்சி ஊட்டினான். கொஞ்ச நாள்தான். ஒரு மதியம், மழை பிடித்துக்கொண்ட நேரம், அவன் தோளில் சாய்ந்தபடியே அம்மா போய்விட்டாள். நெஞ்சுதான், ஜுரமே கிடையாது என்றார் டாக்டர். எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை, போதகருக்கும்தான். கப்பல் ஜுரம் எங்கள் தெருவுக்கு வந்தது பள்ளிக்கூடம் திறந்த பிறகு. அண்ணன் அதற்குள் சிங்கப்பூர் திரும்பியிருந்தான்.

அடக்கத்தன்று சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அவன் அம்மாவின் நெற்றியில் கை வைத்துக்கொண்டே என்னைக் கேட்டான். "காலைல அம்மாவுக்கு உடம்பு சுட்டுச்சா?"

"இல்லண்ணா."

ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்டான். சாப்பிட்டுக் கை கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, சம்பந்தமே இல்லாமல், "அம்மாவுக்குச் சுட்டுச்சா?" நான் உண்மையைத்தான் சொன்னேன், ஒவ்வொரு தடவையும், அவன் மனசு நோகாதபடி மெதுவாக. அவன் என் முகத்தையே பார்ப்பான். ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தான். தான் கொண்டுவந்த ஜுரம்தான் அம்மாவைக் கொண்டுபோய்விட்டதோ என்று அவனுக்குப் பயம்.

வயதாகி அவனும் இங்கேயே வந்து படுக்கையில் விழுந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். மறுபடியும் கேட்டான். எனக்கு வந்ததே கோபம்! "எத்தனை தடவ சொல்றது? சுடவே இல்ல! சும்மா இரு!" என்று அதட்டினேன்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அம்மாகிட்டயும் இப்படித்தான் கத்துவ" என்றான். அதற்கப்புறம் அவன் அதைக் கேட்கவே இல்லை.