வைண்டர் தாமோதரனின் அரை கிளாஸ்

சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் இருக்கும் தாமோதரன் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வைண்டராக இருந்தவர். ஆட்களை ஏற்றிய இரும்புக் கூண்டை, அதாவது கேஜை, பூமிக்குள் இறக்குவதும் மேலே தூக்குவதும் அவர் கையில் இருந்தது. சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் மிடுக்கு குறையவில்லை. கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னால்கூட ஷிப்டுக்குக் கிளம்புகிற தோரணையில்தான் போவார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கிட்னி மக்கர் பண்ணியது. தண்ணீர், டீ, மோர் எல்லாம் சேர்த்து அளவோடுதான் குடிக்க வேண்டும், மீறினால் டயாலிசிஸ்தான், வாரம் மூன்று நாள் பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றோடு மனைவி பார்வதம்மாவுக்குத் தூக்கம் போயிற்று, தாமோதரனுக்கு டீ போயிற்று. யாருடைய துக்கம் பெரிது என்று கேட்டால் தன்னுடையதுதான் என்பார் மனுஷன்.

லைன் சும்மா இருக்குமா? கிட்னி என்று காதில் விழுந்ததும் சரோஜம்மா வாழைத்தண்டுச் சாறோடு வந்து நின்றாள். பின்வீட்டு ஞானதாஸ் இளநீர் சீவிக்கொண்டு வந்தார். கிட்னியில் கல் இருக்கிறவனுக்குச் சொல்கிற வைத்தியத்தை, கிட்னி சோர்ந்துபோனவர் தலையில் கட்டப் பார்த்தார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், இவருக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னது பார்வதம்மாவுக்கு மனப்பாடம். வாசலிலேயே மறித்தாள்.

"நீங்களே குடிங்க. உங்க கிட்னியாவது நல்லா இருக்கட்டும்."

பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு தானே ஒன்று தயாரித்தாள். துளி இஞ்சியைத் தட்டி, ஒரு ஏலக்காயை நசுக்கி, பட்டைத் துணுக்கு போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, கொஞ்சம் சர்க்கரை. பாலும் இல்லை, வெல்லமும் இல்லை. வாசனை எங்கள் வீடு வரைக்கும் வரும்.

வாசனையில் குறையில்லை, அளவில்தான் தகராறு. அரை கிளாஸ் என்றால் அவருக்கு முக்கால். பார்வதம்மா துணி காயப்போடப் போனால், சாயங்காலத்துக்கு வைத்திருப்பதும் உள்ளே போய்விடும். கேட்டால், ஈர மீசையோடு, "ஆவியாப் போயிருக்கும்" என்பார். கால் வீங்கத் தொடங்கியது. பார்வதம்மா அதைப் பார்த்துப் பார்த்துப் பயந்தாள்.

ஒருநாள் கண்ணாடி கிளாஸின் வெளிப்பக்கம் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு கோடு இழுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னா இது?"

"மார்க்கு. கேஜ் எங்க நிக்கணும்னு கயிறு சுத்தற டிரம்முல சாக்பீஸால போடுவீங்களே, அது மாதிரி. தாண்டறது உங்க இஷ்டம்."

மனுஷன் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். சர்வீஸ் முழுக்க மார்க்கைத் தாண்டாத கை அது. தாண்டினால் கேஜ் மேலே போய் மோதும், உள்ளே இருக்கிறவர்கள் பிழைக்க மாட்டார்கள். அன்றிலிருந்து கிளாஸைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக் கோட்டைப் பார்த்த பிறகுதான் வாயில் வைத்தார். எங்களால் சிரிப்பை அடக்க முடியாது. அவர் கண்டுகொள்ளவே இல்லை.

போன வாரம் ரத்தப் பரிசோதனை செய்ததில் டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் பார்வதம்மா சந்தோஷத்தில் கோட்டுக்கு மேலேயே ஊற்றிவிட்டாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னிக்கு ஒருநாள் குடிங்க, பரவாயில்ல."

தாமோதரன் கிளாஸைத் தொடவில்லை.

"மேல இருக்கறத எடுத்துடு பார்வதி. அப்ப கேஜுல ஊரான் வீட்டுப் புள்ளைங்க இருந்தாங்க, அவங்களுக்கே நான் மார்க்கத் தாண்டல. இப்ப அதுக்குள்ள நீ ஏறி நின்னுகினு இருக்கற."

பார்வதம்மா மிச்சத்தைத் தன் டம்ளரில் சாய்த்துக்கொண்டாள். அழுதுகொண்டே குடித்தாள்.