எங்க கல்யாண சிடி

பேய், ஆவி, செய்வினைன்னு எவளாவது ஆரம்பிச்சா "போய் வேலையப் பாரு"ன்னு வெரட்டற ஆளு நான். நைட் டியூட்டில செத்தவங்க பக்கத்துலயே ஒக்காந்து சார்ட் எழுதியிருக்கேன், ஒரு தடவகூட மேல் சிலிர்த்ததில்ல. அதனால இதக் கேட்டுட்டு, சிஸ்டருக்குத் தூக்கம் பத்தலன்னு மட்டும் சொல்லாத, எனக்குக் கெட்ட கோவம் வரும்.

தொண்ணூறுகள்ல நடந்தது. மைசூர்ல பன்னிமண்டபம் பக்கம் வாடகை வீடு. கல்யாணமாகி நாப்பதே நாள்ல எங்க வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக்கா மஸ்கட் போயிட்டார், ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். கல்யாண ஆல்பம் ராமாபுரத்துல மாமியார் பீரோவுல இருக்கு, கேட்டா தர மாட்டாங்க. ஆறு மாசத்துல எனக்கு அவர் முகம் மறக்க ஆரம்பிச்சுடுச்சு. மீசை ஞாபகம் வரும், மூக்கு வராது. இத யார்கிட்டப் போய்ச் சொல்ல? நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியான்னு கேப்பாங்க. பயந்துபோய் அவருக்கே லெட்டர் எழுதினேன்.

மனுஷன் திட்டல. நெகட்டிவ் எல்லாம் அவர்கிட்ட இருந்துச்சு, அங்க ஒரு கடையில குடுத்து இருபத்திநாலு போட்டோவ ஒரே சிடியில ஏத்தி, அதப் பாக்கற பெட்டியோட ஊருக்கு வர்ற சிநேகிதர்கிட்ட குடுத்தனுப்பிட்டார். பெட்டி விசிஆர் மாதிரி இருக்கும், ஆனா கம்ப்யூட்டர், டிவில மாட்டணும். "கேசட் மாதிரி இல்ல சிஸ்டர், இதுல ஏத்தினது ஏத்தினதுதான், யாராலயும் அழிக்க முடியாது"ன்னு சொல்லிட்டுப் போனார் அந்த ஆளு.

தெனம் டியூட்டி முடிஞ்சு வந்ததும் அதுதான் எனக்கு சோறு தண்ணி எல்லாம். ரிமோட்ட அமுக்கினா பெட்டி கொஞ்சம் யோசிச்சு, மேலேருந்து கொஞ்சங் கொஞ்சமா படத்த எறக்கும். மொதல்ல அவர் முடி, அப்புறம் நெத்தி, அப்புறம் மூக்கு. வந்துட்டீங்களான்னு வாய்விட்டே கேப்பேன், அவ்ளோ தனிமை.

ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் சர்ச் வாசல் போட்டோ எறங்குது. அவர் முடி வர வேண்டிய எடத்துல செவுரு வருது. முழுசா எறங்கினப்புறம் பாத்தா நான் மட்டும் மாலையோட நிக்கறேன், யார் கையவோ கோத்த மாதிரி என் கை மடிஞ்சிருக்கு, பக்கத்துல ஆள் இல்ல. அடுத்தது பிருந்தாவன் கார்டன், அதுலயும் இல்ல. நீ நம்பு, நம்பாட்டிப் போ, இருபத்திநாலுலயும் அவர் இல்ல.

ஓடிப்போய் பக்கத்து வீட்டு கௌரம்மாவக் கூட்டிட்டு வந்தேன். அவங்க டிவியப் பாக்கறாங்க, என்னப் பாக்கறாங்க. "இல்லே இதாரல்லம்மா, ஏனாயித்து நிமகெ?" இங்கதானே இருக்கார், உங்களுக்கு என்ன ஆச்சுங்கறாங்க. டிவில கை வெச்சு மீசையெல்லாம் காட்டறாங்க. எனக்கு செவுருதான் தெரியுது.

செத்துட்டார்னே முடிவு பண்ணிட்டேன். எஸ்டிடி பூத்ல மூணு நாள் லைன் கெடைக்கல. நாலாவது நாள் "என்ன புள்ள, நல்லாத்தானே இருக்கேன்"னு அவர் கொரல். பூத்துக்குள்ளயே ஓன்னு அழுதேன். ஒரு ஜலதோஷம்கூட இல்லியாம். ஆனா சிடியில மட்டும் அவர் திரும்பி வரவே இல்ல.

ரெண்டு வருஷம் முடிஞ்சு வந்து சேந்தார். அன்னிக்கு சாயங்காலமே சிடி போடச் சொன்னார். ஆளே பக்கத்துல இருக்காரே, இனிமே தெரியும்னு நெனைச்சேன். தெரியல. பல்லக் கடிச்சுக்கிட்டு ரிமோட்ட அமுக்கினேன். சர்ச் வாசல் போட்டோல என் கையப் புடிச்சு நிறுத்தினார்.

"ஸ்டெல்லா, தப்பா எடுத்துக்காத. எல்லாப் போட்டோலயும் நான் மட்டும் ஏன் தனியா நிக்கறேன்?"

எழுந்துபோய் டிவில என்னத் தொட்டுக் காட்டினேன். அவரும் வந்து அவரத் தொட்டுக் காட்டினார். ரெண்டு விரலும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுது.

அதப்பத்தி நாங்க பேசினதே இல்ல. இன்னிக்கும் விசேஷ வீட்ல யாராவது போன்ல எங்கள சேத்து வெச்சுப் படம் எடுத்தா, உடனே போன வாங்கி அவர் இருக்காரான்னு நான் பாக்கறேன். அப்புறம் என் கையிலேருந்து அவர் வாங்கிப் பாக்கறார். பாத்துட்டு திருப்பிக் குடுத்துடறார், நான் தெரிஞ்சேனான்னு கேக்கறதில்ல.