மறுபடியும் பிரித்த தையல்

அலுவிகாரையில் எங்கள் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, பெண்களுக்குத் துணி தைக்கிறேன். சில வருஷத்துக்கு முந்தி டயட் இருந்து நன்றாக மெலிந்தேன். சோற்றைக் குறைத்தேன், தேத்தண்ணிக்குச் சீனியை விட்டேன். என் ப்ளவுஸ்களை எல்லாம் நானே இறுக்கிப் பிடித்துத் தைத்துக்கொண்டேன். கோயிலில் கண்டவர்கள், "என்ன சாப்பிடுறீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்று கேட்டார்கள்.

பிறகு அம்மாவை மாத்தளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நாட்கள் வந்தன. பேக்கரிப் பணிஸும் சீனி போட்ட பிளேன்டியும்தான் என் சாப்பாடு. அம்மா குணமாகி வீட்டுக்கு வந்தார். குறைந்த எடையும் எனக்குத் திரும்பி வந்திருந்தது.

முதல் தடவை நான் தொடங்கியது யாருக்கும் தெரியாது. இப்போது ஊரே பார்ப்பது போல இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் தொடங்குவேன். மத்தியானம் பலாக்காய்க் கறி வாசம் வந்ததும், அடுத்த கிழமை பார்ப்போம் என்று சோற்றைப் போட்டுக்கொள்வேன். எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த பிறகு மறுபடி தொடங்கப் பயமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் பல்லேபொலையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். முஸ்லிம் பெண், என்னைவிட மூத்தவர். பையிலிருந்து ஒரு சல்வார் சட்டையை எடுத்துத் தந்தார்.

"தங்கச்சி, இத கொஞ்சம் லூசாக்கித் தாங்க. உள்ள இருக்கிற துணிய வெட்டிராதீங்க. திரும்பப் பிடிக்க வேண்டி வரும்."

சட்டையைப் புரட்டினேன். பக்கத் தையலை ஒட்டிப் பழைய ஊசித் துளைகள் வரிவரியாக இருந்தன. பிடித்து, பிரித்து, மறுபடி பிடித்து, மறுபடி பிரித்த தடங்கள்.

"இத்தன தடவை கூடிக் குறைஞ்சிருக்கீங்களா, டீச்சர்?"

"ஆமா. சுகர் இருக்குதானே, அப்படியே விட ஏலாது."

"திரும்பத் தொடங்க வெக்கமா இல்லையா?"

அவர் சிரித்தார். "என்னத்துக்கு வெக்கம்? கூடினதும் நான்தான், குறைக்கப் போறதும் நான்தான். இன்னைக்குக் காலையில தொடங்கிட்டேன். பசிக்குது. பசிக்கட்டுமே."

வெளியே மழை பெய்யுது என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவர் போன பிறகும் சட்டையை மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே தடவைக்கு நான் இப்படிச் சோர்ந்து கிடக்கிறேன். இந்த மனுஷி எத்தனை தடவை முதல் நாளுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்!

மறுநாள் விடிந்ததும் தம்புள்ளை ரோட்டோரமாக நடக்கப் போனேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கி, பூட்டியிருந்த ஒரு கடையின் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் சோற்றைப் பாதியாக்கினேன். சில நாள் தவறியது. தவறிய மறுநாளும் போனேன்.

இன்னும் பழையபடி மெலியவில்லை. ஆனால் ஒரு காலையில் அந்த ஏற்றத்தில் எங்கும் உட்காராமல் ஏறி மேலே வந்திருந்தேன். வந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. அத்தனை மாதம் கவனிக்காமல் விட்டும், நான் கேட்டபோது இந்த உடம்பு ஏறிக் காட்டியது. பஸ்ஸில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ, ரோட்டோரத்தில் நின்று என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.