பெலத்தியாவின் கடைசி முடிவரிசை

பெலத்தியா பிறப்பால் ஆசாரியன்; பிழைப்பால் எரிகோப் பக்கம் அத்தி வளர்ப்பவன். வருடத்தில் இரண்டு வாரம் அவன் பிரிவுக்கு எருசலேம் ஆலயத்தில் முறை வரும். போவான், குளிர்ந்த கல்லில் வெறுங்காலோடு நிற்பான், பலி இறைச்சியை ஒரு பிடி பிடிப்பான், வயிற்றைத் தடவிக்கொண்டே ஊர் திரும்புவான். இருபத்தெட்டு வருடமாக இதுதான் நடப்பு.

குறை ஒன்றே ஒன்று. தூபம் காட்டும் பேறு ஓர் ஆசாரியனுக்கு ஆயுளில் ஒருமுறைதான், அதுவும் விரல் நீட்டி எண்ணும் குலுக்கலில் விழுந்தால். நேற்று வந்தவனெல்லாம் காட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தான். இவனுக்கு மட்டும் விழவே இல்லை.

இப்போது தலையும் காலை வாரப் பார்த்தது. பின்னந்தலையில் காதுக்குக் காது ஒரு வரிசை முடியாவது இல்லாதவன் பீடத்தை நெருங்கக் கூடாது. விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து புழு அரித்த கட்டைகளைப் பொறுக்கி எறிய வேண்டியதுதான். மனைவியின் தம்பி பஸ்கூர், முன்பற்கள் போனதிலிருந்து அங்கேதான் இருக்கிறான்.

"மச்சான், பக்கத்துல துடைச்சு இடம் போட்டு வச்சிருக்கேன். எப்ப வர்றீங்க?" என்பான், பார்க்கும்போதெல்லாம்.

இந்த முறை புறப்படுமுன் மனைவி மில்காள் அவன் பிடரியை உற்றுப் பார்த்தாள்.

"ஒத்தை வரிசைதாங்க இருக்கு. காத்தடிச்சா அதுவும் போயிடும். நம்ம ஆட்டு ரோமத்தைப் பிசின் வச்சு ஒட்டி விடட்டா?"

"தப்பில்லையா?"

"ஆடு சுத்தமான மிருகந்தானே. பன்றி முடியவா ஒட்டுறேன்?"

ஒட்டினாள்.

ஆலயத்தில் முறை தொடங்கிய அன்று விடியலில், தூபம் காட்டாதவர்கள் மட்டும் வட்டமாக நின்று ஆளுக்கொரு விரல் நீட்டினார்கள். மேற்பார்வையாளர் ஓனாம், "எழுபது," என்று அறிவித்தார். இனி அவர் யாராவது ஒருவரின் குல்லாவைத் தூக்குவார். அந்த ஆளிலிருந்து எண்ணி, எழுபதாவது விரலுக்குத் தூபம்.

பெலத்தியா வட்டத்தை நோட்டம் விட்டான். இருபத்துமூன்று பேர். மூன்று சுற்றுக்கு அறுபத்தொன்பது. எழுபதாவது, தொடங்கிய ஆளிடமே வந்து நிற்கும். யார் குல்லா தூக்கப்படுகிறதோ அவனுக்கே தூபம். 'என் குல்லா, என் குல்லா,' என்று மனசுக்குள் கெஞ்சினான். உடனே பிசின் ஞாபகம் வந்தது. 'ஐயோ, என் குல்லா வேண்டாம்.'

ஓனாமின் கை அவன் தலைக்குத்தான் வந்தது.

குளித்த ஈரத்தில் பிசின் இளகிக் குல்லாவோடு ஒட்டியிருந்தது. ஓனாம் வெடுக்கென்று இழுக்க, பெலத்தியா "ஆ" என்றான். வட்டம் கொல்லென்று சிரித்தது. ஓனாம் குல்லாவுக்குள் பார்த்தார்.

"கறுப்பு ஆட்டோடது. வெள்ளை யாரோடதுப்பா?"

"என்னோடதுங்க. இப்பவரைக்கும் தலையிலதான் இருந்துச்சு."

"ஒட்டாம வந்திருந்தா?"

"வரிசை நின்னிருக்கும்."

ஓனாம் மட்டும் சிரிக்கவில்லை. "கொட்டகைக்குப் போ. முளைச்சா வா," என்றார்.

பஸ்கூர் நகர்ந்து இடம் விட்டான். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பெலத்தியா கட்டைக் குவியலைப் பார்த்தபடி அழுதான்.

மாலையில் ஓர் ஆசாரியன் வந்து, நாளைய தூபத் தணலுக்கு அத்திக்கட்டை கேட்டான். பஸ்கூர் கைக்கு அகப்பட்டதை நீட்டினான். பெலத்தியா அதைப் பிடுங்கித் தட்டிப் பார்த்தான்.

"இது உள்ள பொத்தல். அத்திய பத்தி உனக்கென்னடா தெரியும்?" பால் வற்றிக் காய்ந்ததாகப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தான்.

மறுநாள் காலை தூப வாசனை கொட்டகை வரை வந்தது. பெலத்தியா கண்ணை மூடிக்கொண்டான்.

"உள்ள நிக்கிறவனுக்கு ஆயுசுக்கு ஒரே தடவை," என்றான் பஸ்கூர். "உங்க கட்டை காலையும் மாலையும் தினம் ரெண்டு தடவை எரியுது, மச்சான்."

"வாயை மூடிட்டு அந்தக் கட்டையை எடு," என்றான் பெலத்தியா. ஆனால் அந்தக் கணக்கு அவன் மண்டையில் ஏறிவிட்டது.

ஆறு மாதம் கழித்து முறை வந்தபோது ஓனாம் கொட்டகை வாசலில் நின்று கேட்டார்: "முளைச்சுதா?"

"எங்கங்க," என்று பெலத்தியா குல்லாவைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டான்.

புறப்பட்ட அன்று காலையில்தான் மில்காள் அவன் பிடரியில் முளைத்திருந்த புது வரிசைக்கு எண்ணெய் தடவி விட்டிருந்தாள்.