நாற்பத்தொரு பித்தளை ஆணி

குஞ்சித்தம்பிக்கு நான் ஆயிரத்து முன்னூற்று இருபது டொலர் கடன்பட்டிருந்தேன். ஏழு நாள் கிழமைக்கு நூற்றிருபதுப்படி பதினொரு கிழமைச் சம்பளம். கைநீட்டி வாங்கிய கடன் இல்லை, கொடுக்காமல் விட்ட கடன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் என்னைப் பற்றிப் பெருமையாகவும் சில இடத்தில் வரும். அதை வாசித்து ஒருவரும் ஏமாறக்கூடாது.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். யாழ்ப்பாணத்தில் பதினாறு வருசம் பழைய ஒஸ்ரின் கார்களுக்குத் தகரம் அடித்தேன். எண்பத்திமூன்று புரட்டாதியில் ரொறன்ரோ வந்தேன். முதல் பனிக்காலம் முழுக்க ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினேன், பஸ்ஸில் திரிந்தேன். அடுத்த வைகாசியில் டோர்செட் பார்க்கில், ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கம், இரண்டு கார் நிற்கக்கூடிய கராஜ் என் கையில் இருந்தது. எட்டே மாதம். படித்தவர்கள் எத்தனையோ பேர் அப்போது உதவிப்பணத்துக்காக வெல்ஃபெயர் கந்தோரில் வரிசையில் நின்றார்கள். நான் நிற்கவில்லை.

குஞ்சித்தம்பி அந்த ஆனியில் வந்து கேட்டான். அப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் அரிசி ஆலை எஞ்சின்களும் உழவு மெஷின்களும் பார்த்தவன். மெலிந்த ஆள், பேச்சு குறைவு. அகதி வழக்கு முடியாததால் வேலை செய்யும் பேர்மிற் இல்லை. மனைவி இராசமணி ஊரில். அவனுக்கு என்னிடம் தேவைப்பட்டது சம்பளம் மட்டும் இல்லை. ஒரு கராஜ்காரர் இவன் நல்ல மெக்கானிக் என்று கடிதம் தந்தால், பேர்மிற் வந்தவுடன் நிரந்தர வேலை எடுக்கலாம், மறுகா இராசமணியைக் கூப்பிடலாம் என்றான். 'பிறகு' என்பதற்கு மட்டக்களப்பில் அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் கராஜில் அதைச் சொல்லிச் சொல்லியே அவனைப் பகிடி பண்ணினோம். கடிதம் தருவேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

கடிதம் வேண்டுமென்றால் இதைச் செய்து காட்டு என்று நான் கொடுத்த வேலை றோஸ்மேரியின் கார்.

றோஸ்மேரி பிக்கரிங்கில் இருந்த வெள்ளைக்காரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். ஐம்பது வயதுக்கு மேல், குரல் பெரிது, கையில் எப்போதும் எண்ணெய்க் கறை. அவள் ஒரு பழைய ஃபோர்ட் றோட்ஸ்ரர் கட்ட வேண்டும் என்று வந்தாள். கூரை இல்லாத இரண்டு பேர் கார். இந்த நாட்டு இளந்தாரிகள் ஒரு காலத்தில் அப்படிப் பழைய காரை எடுத்து, சில்லை மூடும் மட்காட்டைக் கழற்றி, உடம்பைத் தாழ்த்தி, எஞ்சினை முடுக்கி ஓடுவார்களாம். ஹொட் றொட் என்று பெயர். அவளுடைய சட்டம் ஒன்றுதான்: ஐம்பதாம் ஆண்டுக்குப் பிந்தின ஒரு ஆணியும் அதில் ஏறக்கூடாது. உடம்பை ஒரு பண்ணைக் கொட்டிலில் கண்டெடுத்திருந்தாள். அதற்குள் கோழி அடைகிடந்த வைக்கோல் அப்படியே இருந்தது. முன் விளக்கு இரண்டும் ஒரு பால் லொறியில் இருந்து வந்தவை. எண்ணெய் அழுத்தத்தை முள்ளால் காட்டுகிற மணிக்கூடு உழவு மெஷினுடையது. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு மரம் அரியும் பட்டறையில் துருப்பிடித்துக் கிடந்ததாம்.

உக்கின தகரத்தை நான் வெட்டி எடுத்து, அதே காலத்துத் தகரம் வைத்து, சுத்தியலாலேயே வளைத்து எடுத்தேன். கதவில் கையைத் தடவினால் ஒட்டு எங்கே என்று இன்றைக்கும் ஒருவராலும் சொல்ல முடியாது. அது என் வேலை, அதில் பொய் இல்லை.

எஞ்சின் என் வேலை இல்லை. அந்தக் காலத்து எஞ்சினில் தண்டு சுழலும் இடத்துக்கு, பெயரிங் என்பார்கள், வைற் மெற்றல் என்ற ஈயக்கலவையை உருக்கி வார்க்க வேண்டும். நகரத்தில் கேட்ட இடமெல்லாம் அதைச் செய்ய ஆள் இல்லை என்றார்கள். குஞ்சித்தம்பி ஒரு அடுப்பைக் கொண்டுவந்து வைத்தான். உருகின உலோகத்துக்குள் ஒரு பைன் குச்சியை விட்டெடுப்பான். குச்சி மண்ணிறமானால் சூடு சரி, கருகினால் கூடிப்போச்சு. வார்த்த பிறகு விளக்குப் புகைக் கரியைத் தண்டில் பூசிச் சுழற்றுவான். கரி பட்ட மேட்டைச் சுரண்டுவான், திரும்பப் பூசுவான், திரும்பச் சுரண்டுவான். ஒரு பெயரிங்குக்கு இரண்டு நாள் போனது. றோஸ்மேரி கதிரை போட்டிருந்து பார்த்தாள். எங்கே பழகினான் என்று அவள் என்னைக் கேட்டபோது, நான்தான் பழக்கினேன் என்றேன். குஞ்சித்தம்பிக்கு அப்போது இங்கிலீசு விளங்காது.

ஐப்பசிக் கடைசியில் எஞ்சின் ஓடியது. ஒரு தடியின் நுனியை எஞ்சினில் வைத்து மற்ற நுனியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அவன் தலையை ஆட்டினான். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் வீட்டுக்குப் போக முன் எஞ்சினிலும் றேடியேற்றரிலும் இருந்த தண்ணீரைத் திறந்துவிடுவான். அடைப்பைக் கம்பியால் குத்திக் குத்திக் கடைசிச் சொட்டு வரை எடுப்பான். பிறகு ஸ்ரேறிங்கில் ஒரு அட்டையைக் கொழுவுவான். 'தண்ணி இல்லை' என்று தமிழில் எழுதியிருக்கும். றோஸ்மேரி அந்த அட்டையைப் பார்த்து, சாமிக்கு எழுதினதாக்கும் என்று நினைத்துக் கும்பிடுவதுபோலக் கைகாட்டிச் சிரிப்பாள்.

ஏன் இந்த மினக்கேடு என்று நான் கேட்டேன். குளிர் வருகுது, உறைஞ்சு போகும், கார் முடியும்போது உறையாத பச்சைத் தண்ணி விடுவம் என்று சொன்னான். நான் சிரித்தேன். பச்சைத் தண்ணி புதுக்கார்களுக்கு உரியது என்றுதான் என் நினைப்பு. பழைய காருக்கு ஊரில் பதினாறு வருசம் கிணற்றுத் தண்ணிதானே வாளியால் அள்ளி ஊற்றினேன். ஒரு காராவது செத்ததா?

மார்கழி பிறக்க முன் கார்த்திகை விளக்கீடு வந்தது. கராஜ் வாசலில் தீபம் வைத்து, நாலு பேரைக் கூப்பிட்டேன். என் கூட்டாளி இராசரத்தினமும் குடும்பத்தோடு வந்தான். குஞ்சித்தம்பி அன்றைக்கு வேளைக்கே போய்விட்டான். எனக்குக் காரைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. அட்டையைக் கழற்றி, காற்சட்டைப் பையில் வைத்து, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டேன். சில்லுக்கு எலுமிச்சங்காய் வைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு கதவைப் பூட்டி, கறன்ற் காசு மிச்சம் பிடிக்க ஹீற்றரையும் நிற்பாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

காலையில் நான் போனபோது, ஒரு திறப்பு வைத்திருந்த குஞ்சித்தம்பியும் றோஸ்மேரியும் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். எஞ்சினின் பக்கவாட்டு இரும்பு ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வெடித்திருந்தது. வெடிப்புக்குள்ளால் ஐஸ் வெள்ளையாகப் பிதுங்கிக்கொண்டு நின்றது. தண்ணீரை ஆர் விட்டது என்று றோஸ்மேரி கேட்டாள்.

நான் குஞ்சித்தம்பியைக் காட்டினேன்.

அவனுக்குச் சொல் விளங்காவிட்டாலும் விரல் விளங்கியது. வெறும் ஸ்ரேறிங்கைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அட்டை எங்க அண்ணன்?"

"பேசாமல் நில். உனக்குப் பேர்மிற் இல்லை, தெரியுந்தானே."

அட்டை அப்போதும் என் பையில்தான் இருந்தது. தொடையில் அதன் மூலை குத்தியது.

அவன் சுரண்டுகிற உளியையும் காதில் வைக்கும் தடியையும் எடுத்துக்கொண்டு போனான். சம்பளம் எஞ்சின் நட்டத்துக்குக் கழிந்தது என்று சொல்லி அனுப்பினேன். அதோடு விட்டேனா? எங்கள் ஆட்கள் வைத்திருந்த மூன்று கராஜுக்கும் போன் எடுத்து, குஞ்சித்தம்பி என்று ஒருவன் வருவான், கவனம், எஞ்சினை வெடிக்க வைக்கிறவன் என்று சொன்னேன். உண்மை வெளியே வந்தால் என் பெயர் என்னாகும் என்ற பயம். றோஸ்மேரி காரை ஏற்றிக்கொண்டு போனாள். அட்டையை மேசை லாச்சியின் அடியில் போட்டேன். எறியவும் மனம் வரவில்லை.

அடுத்த மூன்றரை வருசத்தில் என் கராஜ் நாலு கார் நிற்கும் அளவுக்குப் பெருத்தது. சொந்த வீடு வாங்கினேன். கலியாண வீடுகளில் அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். மட்டக்களப்பான் ஒருத்தன் எஞ்சினுக்குள் ஐஸ்பழம் செய்தவன் என்று. சனம் சிரித்தது. ஒவ்வொரு முறையும் சொன்ன பிறகு சாப்பாடு எனக்கு இறங்காது. ஆனாலும் சொன்னேன்.

எண்பத்தெட்டு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கராஜுக்குக் கிட்ட ஒரு பெரிய கார்ப்பார்க்கில் பழைய கார்க்காரர் கூடினார்கள். இராசரத்தினம் என்னை இழுத்துக்கொண்டு போனான். அங்கே அந்த றோட்ஸ்ரர் நின்றது. கருப்பு உடம்பு, மட்காட் இல்லை, பால் லொறி விளக்கு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதே எஞ்சின். வெடிப்பு இருந்த இடத்தில் பழைய பித்தளைத் திருகாணிகள் ஒன்றை ஒன்று கடித்தபடி வரிசையாக இறங்கியிருந்தன. துளைத்து, மரை வெட்டி, ஆணி இறக்கி, அதன் விளிம்பைக் கடித்து அடுத்த துளை. புது எஞ்சின் கூடு வாங்க வழியில்லாத அரிசி ஆலைகளில் செய்கிற வேலை. நான் எண்ணினேன், நாற்பத்தொன்று. அதன்மேல் பெயின்ற் பூசவில்லை.

பக்கத்தில் துணியும் கையுமாகக் குஞ்சித்தம்பி நின்றான். தலை நரைத்திருந்தது. றோஸ்மேரி சுற்றி நின்றவர்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இராசரத்தினம் அதை எனக்குத் தமிழில் சொன்னான்.

"இந்த ஆள் ஒருக்கால் தண்ணி எடுக்க மறந்து எஞ்சினை வெடிக்க வைச்சிட்டாராம். ஆனால் பிறகு தானாத் தேடி வந்து, மூண்டு வருசம் ஞாயிற்றுக்கிழமையளிலை சம்பளம் இல்லாமல் இருந்து செய்து குடுத்தவராம். எட பொன்னம்பலம், உது உன்ரை ஐஸ்பழக்காரன் எல்லோ?"

கூட்டத்தில் ஒரு கிழவர் நின்றார், பழைய எஞ்சின் திருத்தும் பட்டறை வைத்திருப்பவராம். ஆணி வரிசையை விரலால் தடவிப் பார்த்தவர், இந்த ஆள் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். வோபர்னில் கட்டடம் துடைக்கிறார், மனைவியைக் கூப்பிட நல்ல வேலை தேடுகிறார் என்றாள் றோஸ்மேரி. திரும்பவும் மறப்பாரா என்று கிழவர் கேட்டார். அவள் நேர்மையான மனுசி. கைவேலைக்கு நான் பொறுப்பு, மறதிக்குப் பொறுப்புச் சொல்லமாட்டேன் என்றாள். கிழவர் தாடையைச் சொறிந்தார்.

குஞ்சித்தம்பி என்னைக் கண்டுவிட்டான். இப்போது அவனுக்கு இங்கிலீசு விளங்கும் என்பது முகத்தில் தெரிந்தது. என்னையே பார்த்தான்.

நான் திரும்பி நடந்தேன். என் வான் வண்டிக்குள் ஏறி இருந்து ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு வெட்கத்தில் வேர்த்தேன். ஓடிவிடலாம் என்றுதான் எஞ்சினை ஸ்ராட் பண்ணினேன். வான் போய் நின்றது கராஜ் வாசலில். பிஸ்கற் ரின்னில் இருந்த காசையும் லாச்சியின் அடியில் கிடந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். போயிருப்பார்களோ என்ற பயத்தில் ஒரு சிவப்பு விளக்கையும் தாண்டினேன்.

போகவில்லை. கிழவரும் நின்றார். நான் அட்டையை றோஸ்மேரியிடம் நீட்டினேன். என் இங்கிலீசு அன்றைக்கும் கோப்பை கழுவின இங்கிலீசுதான். இதில் தண்ணி இல்லை என்று எழுதியிருக்கு என்றேன். அவன் எடுத்தவன் என்றேன். தண்ணி விட்டது நான், நான், நான் என்று மூன்று தரம் நெஞ்சில் தட்டிச் சொன்னேன். வேறு சொல் வரவில்லை. இராசரத்தினம் என் முதுகுக்குப் பின்னால் மூச்சை இழுத்தது கேட்டது. நாளைக்கு எல்லா வீட்டுக்கும் தெரியும் என்று அப்போதே நினைத்தேன்.

றோஸ்மேரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று குஞ்சித்தம்பியைக் கேட்டாள். முதல் பாஷை இல்லை, பிறகு பேர்மிற் இல்லை, பேர்மிற் வந்தபோது ஆணி பாதி இறங்கியிருந்தது, வேலை முடிஞ்சால் வேலை சொல்லும் எண்டு இருந்தன் என்று அவன் இங்கிலீசில் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

கிழவர் அந்த அட்டையை வாங்கி, அதன் பின்பக்கத்தில் ஒரு போன் நம்பரை எழுதி, திங்கட்கிழமை காலை ஏழு மணி என்று சொல்லி அவனிடம் கொடுத்தார்.

நான் காசுக்கட்டை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. துணியைத் தோளில் போட்டு, வலது கையை விரித்தான். உள்ளங்கை ரேகையெல்லாம் கரி.

"எண்ணித் தாங்க அண்ணன். சத்தமா எண்ணுங்க."

"குஞ்சித்தம்பி, நீர் என்னை..."

"மறுகா கதைப்பம். இப்ப எண்ணுங்க."

எல்லாம் இருபது டொலர்த் தாள்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் சத்தமாக எண்ணி ஒவ்வொன்றாக வைத்தேன். சுற்றி நின்ற வெள்ளைக்காரர் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். முப்பதில் நிறுத்தினேன். அவன் காத்துக்கொண்டு நின்றான். அடுத்த தாளை எடுத்துத் தொடர்ந்தேன். அறுபத்தாறாவது தாளையும் அந்த விரித்த கைக்குள் வைத்தேன்.