தாம்பாளத்தில் வந்த ஜெர்சி

மலேசியாவில், தங்காக் ஊரின் ஜவுளிக் கடைத் தெருவில் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் முதலாளியைத் தேடுவதில்லை. "செல்லம் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். இல்லையென்றால், சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று வெளியே போய்விடுவார்கள். முதலாளிக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆனால் வியாபாரம் நடக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

செல்லத்துக்கு ஒரு வழக்கம். பெண்ணின் அம்மா, பெரியம்மா, மாமியாராகப் போகிறவர் எல்லோரும் கூடி ஒரு புடவையை முடிவுசெய்து, "பில் போடுங்க" என்று சொன்ன பிறகும் அவள் போடமாட்டாள். புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, மூலையில் போனை நோண்டிக்கொண்டிருக்கும் மணப்பெண்ணிடம் போவாள். "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்பாள். பாதிப் பெண்கள் திருதிருவென்று விழிப்பார்கள், அதுவரை யாரும் அவர்களைக் கேட்டிருக்கமாட்டார்கள். சிலர் மெதுவாக, "பச்சையில இருக்கா அக்கா?" என்பார்கள். அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாகும். வாங்கிய துணி மாற்றித் தரப்படாது என்று சுவரில் மூன்று மொழியில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் அழுதுகொண்டு வரும் பெண்ணைச் சமாதானப்படுத்தும் வேலை செல்லத்தின் தலையில்தான் விழும். அதனால்தான் முன்னாலேயே கேட்டுவிடுவது.

இவ்வளவு விவரமான மனுஷி சொந்த மகள் விஷயத்தில் கோட்டை விட்டாள் என்றால் யார் நம்புவார்கள்?

மகள் லோஷினிக்குப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பையன்களைவிட உயரம். சீன ஆரம்பப் பள்ளியில் படித்தவள், மாண்டரின் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அங்கே திடலில் கூடைப்பந்து ஆடுகிறவர்களோடு தானும் ஓட ஆரம்பித்தவள், நான்காம் படிவத்துக்கு வருவதற்குள் ஜோகூர் மாநிலப் பெண்கள் குழுவில் இருந்தாள். செல்லத்துக்கு அந்த ஆட்டம் துளியும் புரியாது. மகள் கைக்குப் பந்து வந்தால் முருகா என்பாள், போனாலும் முருகா என்பாள்.

மாநிலப் போட்டி முடிந்த கையோடு ஷர்மினி வீட்டுக்கு வந்தாள். ஜோகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியின் பெண்கள் குழுவுக்கு அவள்தான் கோச். முப்பது வயது இருக்கும், சுறுசுறுப்பான பெண்.

"அக்கா, லோஷினிய இப்பவே எங்களுக்குக் குடுத்துடுங்க. எஸ்பிஎம் பரீட்ச முடிச்சதும் நேரா எங்ககிட்ட வந்துடட்டும். படிப்பு, ஹாஸ்டல் எல்லாம் ஸ்காலர்ஷிப். சீட்ட நான் எடுத்து வச்சிர்றேன். நீங்க வாக்கு குடுத்தா போதும்" என்றாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே டீச்சர்?"

"அதுக்குள்ள வேற காலேஜ்காரன் கொத்திக்கிட்டுப் போயிருவான்லா!"

வாக்கு என்று காதில் விழுந்ததும் செல்லம் எழுந்து உள்ளே போனாள். அவளுக்குத் தெரிந்த வாக்கு ஒன்றுதான். பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ எல்லாம் வைத்து எடுத்து வந்தாள். கணவன் விஜயன், தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர், அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். அவரையும் சட்டையை மாற்றச் சொல்லிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். இருவருமாகத் தட்டை நீட்டினார்கள்.

ஷர்மினி பதறிப்போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கியவளுக்குத் திருப்பித் தர ஒன்றும் இல்லை.

"வெறுந்தட்டா குடுக்கக்கூடாது டீச்சர். ஏதாச்சும் வச்சுக் குடுங்க."

காருக்கு ஓடினாள் ஷர்மினி. பின்னால் கிடந்த பையிலிருந்து கல்லூரியின் புது ஜெர்சி ஒன்றை எடுத்து வந்தாள். நீல நிறம், முதுகில் பதினொன்றாம் நம்பர். மடித்துத் தாம்பாளத்தில் வைத்துத் தந்தாள். செல்லம் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி மேடையில் வைத்தாள். நிச்சயம் முடிந்தது.

எதிர்வீட்டு வெள்ளையம்மா தாம்பாளத்தை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். மறுநாள் காலை வேலியோரம் நின்று, "பதினாறு வயசுப் புள்ளைக்கா நிச்சயம் பண்ணுனீங்க? ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா செல்லம்?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள்.

"அலமாக்! மாப்பிள்ளைக்கு இல்ல வெள்ளையம்மா, காலேஜுக்கு!"

"காலேஜுக்கு எதுக்குடி தேங்கா?"

செல்லம் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். மனசு நிறைந்திருந்தது.

அடுத்த வருடம் லோஷினி ஐந்தாம் படிவம். ஒருநாள் மத்தியானம் கடைக்குப் பளபளவென்று ஷூ போட்ட ஒருவர் வந்தார். கல்யாணப் பார்ட்டி என்று நினைத்து, கூட வேலை செய்யும் ஷாமளா பட்டுப் புடவையை விரிக்கவே ஆரம்பித்துவிட்டாள். அவர் கோலாலம்பூரில் ஒரு பெரிய கல்லூரியின் கோச். லோஷினியின் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். வீட்டு முகவரி கிடைக்காமல் அம்மாவின் கடையைத் தேடி வந்திருக்கிறார். ஸ்காலர்ஷிப் உண்டு, தேசியக் குழுவுக்குப் போகவும் வழி உண்டு என்று அடுக்கினார்.

"பேச்சு முடிஞ்சிருச்சு சார். வேற எடத்துல தட்டு மாத்திட்டோம்" என்றாள் செல்லம்.

"வாய்ப்பேச்சுதானே ஆண்ட்டி? இதெல்லாம் எவ்வளவோ மாறும். புள்ளைங்களும் மாறும், கோச்சும் மாறுவாங்க."

"நாங்க மாற மாட்டோம்."

அவர் ஒரு கைக்குட்டைகூட வாங்காமல், தன் போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது செல்லம் இதைப் பெருமையாக மகளிடம் சொன்னாள். லோஷினி சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஓ" என்றாள். அந்த "ஓ"வைச் செல்லம் கவனித்திருக்க வேண்டும். கடையில் ஒரு மணப்பெண் அப்படிச் சொல்லியிருந்தால் பில் புத்தகத்தைத் தொட்டிருக்கவேமாட்டாள். வீட்டில் குழம்பை ஊற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

எஸ்பிஎம் முடிந்த சில வாரங்களில் ஷர்மினி போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அக்கா, எனக்கு சிங்கப்பூர்ல ஒரு ஸ்கூல்ல கோச் வேலை கெடச்சிருச்சு. விட முடியல. புது கோச்சுகிட்ட லோஷினி பேரச் சொல்லிட்டுத்தான் போறேன், பயப்படாதீங்க."

ஜோகூரில் சிங்கப்பூர் வேலை கிடைத்தவரை யாரும் குறை சொல்வதில்லை, செல்லமும் சொல்லவில்லை. நல்லா இருங்க டீச்சர் என்று வாழ்த்திவிட்டுத்தான் போனை வைத்தாள். லோஷினி புது கோச்சுக்குச் செய்தி அனுப்பினாள். ரொம்ப நாள் பதில் வரவில்லை. கடைசியில் வந்தது: குழு நிரம்பிவிட்டது, அடுத்த வருடம் முயற்சி செய்யவும்.

செல்லம் மானத்தை விட்டுக் கோலாலம்பூர்க்காரருக்குப் போன் செய்தாள். "நீங்கதானே ஆண்ட்டி வேணாம்னீங்க? எங்க டீமும் முடிஞ்சிருச்சே" என்றார். நல்ல மனுஷன், குத்திக்காட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. தன் வாய்தான் மகளின் படிப்பையும் ஆட்டத்தையும் ஒருசேரக் கெடுத்தது என்று நொந்துகொண்டு அன்று முழுக்கக் கடையில் தப்புத் தப்பாகத் துணி கிழித்தாள். லோஷினி அழவில்லை, பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது செல்லத்துக்கு.

ஆனால் சும்மா உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை அவள். நிச்சயம் முறிந்தால் ஒரு முறை இருக்கிறது. வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும். டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிற குடும்பங்களைக் கடையில் எத்தனையோ பார்த்திருக்கிறாள், அது மரியாதை இல்லை. நேரில் போய்த் தரவேண்டும். நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். சாமி மேடையில் இருந்த ஜெர்சியைத் தாம்பாளத்தில் வைத்தாள். லோஷினி அதை ஒருநாள்கூடப் போட்டதில்லை. கேட்டால் பெரிசா இருக்கு என்பாள்.

"மா, பிளீஸ்மா, இப்படித் தட்டத் தூக்கிக்கிட்டுப் போனா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ கார்ல ஏறு."

விஜயன் காரை எடுத்தார். யோங் பெங் தாண்டி ஜோகூர் பாரு போய்ச் சேரும்வரை தாம்பாளம் செல்லத்தின் மடியிலேயே இருந்தது.

கல்லூரி உள்ளரங்கத்தில் பெண்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தாம்பாளத்தோடு ஒரு அம்மா உள்ளே வருவதைப் பார்த்ததும் பந்துகள் ஒவ்வொன்றாக நின்றன. புது கோச் லிம், நாற்பது வயதுக்காரர், விசிலை வாயிலிருந்து எடுத்தார். செல்லத்துக்கு மாண்டரின் வராது, லிம்முக்குத் தமிழ் வராது, மலாயும் அரைகுறை. ஆகவே தன் வழக்கைத் தானே மொழிபெயர்க்கும் பாக்கியம் லோஷினிக்குக் கிடைத்தது.

"வாக்கு குடுத்துட்டு மாறுனது நாங்க இல்லன்னு சொல்லு. ஆனா அடுத்தவங்க பொருள் எங்களுக்கு வேணாம், இந்தாங்கன்னு சொல்லு."

லோஷினி சொன்னாள். எவ்வளவு தண்ணீர் கலந்து சொன்னாளோ தெரியாது, லிம்மின் முகம் மாறியது. ஜெர்சியைப் பார்த்தார், வெற்றிலையைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். இரண்டு எட்டு பின்னால் போய்க் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னவாம்?"

லோஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரு தங்கச்சிக்குப் போன மாசம்தான் நிச்சயமாம் மா. அவங்க வீட்லயும் செவப்புத் தட்டு வச்சாங்களாம். சீர திருப்பிக் குடுத்தா என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியுமாம். அடுத்த வாரம் மேட்ச் இருக்கு, இந்த நேரத்துல அந்த அபசகுனத்த நான் கையால வாங்க மாட்டேங்கிறாரு."

"வாங்கலன்னா நான் போகமாட்டேன்னு சொல்லு."

லிம் தலையைச் சொறிந்தார். பிறகு லோஷினியை மேலிருந்து கீழ்வரை அளந்து பார்த்து என்னவோ கேட்டார். ஷூ கொண்டு வந்திருக்கிறாயா என்றுதான். ஷூ எப்போதும் காரில்தான் கிடக்கும்.

செல்லம் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆட்டம் வழக்கம்போலப் புரியவில்லை. அதனால் பந்தைப் பார்க்காமல் மகளின் முகத்தைப் பார்த்தாள். முகம் பார்ப்பதுதானே அவள் தொழில். ஓடுகிறாள், கத்துகிறாள், யாரோ ஒருத்தி தள்ளிவிட விழுந்து சிரித்துக்கொண்டே எழுகிறாள். இந்தச் சிரிப்பை வீட்டில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தாள். அப்போதுதான் அந்த "ஓ" நினைவுக்கு வந்து பளாரென்று அறைந்தது. ஊரான் வீட்டுப் பெண்ணையெல்லாம் கேட்டோம், இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே! தட்டு மாற்றியபோதும் கேட்கவில்லை, கோலாலம்பூர்க்காரரைத் திருப்பி அனுப்பியபோதும் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. விஜயன் தன் கைக்குட்டையை நீட்டினார்.

ஆட்டம் முடிந்ததும் லிம் நேராகச் செல்லத்திடம் வந்தார். இந்த முறை அவரே உடைந்த மலாயில் பேசினார். நான்காம் படிவத்திலிருந்தே இந்தக் கல்லூரிக்கு வாக்குக் கொடுத்திருந்த ஒரு பெண் போன வாரம் பினாங்கில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாளாம். அவளுக்காக வைத்திருந்த இடம் காலியாம். உங்கள் மகளுக்குக் கொடுக்கிறேன், ஸ்காலர்ஷிப்பும் அப்படியே. இந்தச் சட்டையை அவளிடமே திருப்பிக் கொடுங்கள் ஆண்ட்டி என்றார்.

செல்லத்தின் கை பரபரவென்று தாம்பாளத்தை எடுத்தது. மறுபடி வாக்குக் கொடுக்க அவரிடம் நீட்டப் போனவள் பாதியில் நிறுத்தினாள். தட்டைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு, வியர்வை வழிய நின்ற மகளை அண்ணாந்து பார்த்தாள்.

"உனக்குப் பிடிச்சிருக்காம்மா?"

லோஷினி இடுப்பில் கையை வைத்தாள்.

"தங்காக்குக்கு வர்ற பொண்ணுங்க எல்லாரையும் கேட்டு முடிச்சிட்டு, இப்பத்தான் என்கிட்ட வர்றீங்களா?"

"தப்புத்தான்டி. பிடிச்சிருக்கா இல்லையா, அதச் சொல்லு. இல்லன்னா இப்பவே எழுந்து போயிருவோம்."

"பிடிச்சிருக்கு மா." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். குனிந்து, லிம்முக்குத்தான் தமிழ் புரியாதே என்பதையும் மறந்து, ரகசியமாகச் சொன்னாள். "நம்பர்தான் பிடிக்கல. அப்பவே பிடிக்கல. எனக்கு ஏழு வேணும்."

அப்படியென்றால் சாமி மேடையில் அது தூங்கியதற்குக் காரணம் அளவு இல்லை! செல்லம் ஜெர்சியை எடுத்து, கடையில் செய்வதுபோல ஒரு உதறு உதறி, அழகாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். வாங்கியது மாற்றித் தரப்படாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற அதே வாயால் கேட்டாள்.

"கோச், இதுல ஏழாம் நம்பர் இருக்கா?"